லண்டன் டு டோக்கியோ: மேப்ல 9,600 கிமீ, டிக்கெட்ல 14 மணி நேரம், ஏன்?

ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "டிஸ்டன்ஸ் கால்குலேட்டர்ல போட்டா லண்டன் டோக்கியோ சுமாரா 9,600 கிமீ வருது, ஃப்ளைட் மணிக்கு 900 கிமீ போகும்னா 11 மணி நேரத்துல போயிடணும், ஆனா நான்ஸ்டாப் டிக்கெட்லயே 14 மணி நேரம் போட்டிருக்கு, எத நம்பறது?"

டிக்கெட்ட நம்புங்க. உங்க கணக்குல தப்பில்ல, 2022 பிப்ரவரி வரைக்கும் அது கிட்டத்தட்ட சரிதான். அந்த 9,600 கிமீங்கறது உருண்டை பூமி மேல ஒரு நூல இழுத்துப் பிடிச்சா வர்ற தூரம், அந்த நூல் ஸ்காண்டிநேவியா தாண்டி நேரா சைபீரியா மேல போகும், அப்போ ஃப்ளைட்டும் ஏறக்குறைய அப்படியே போய் பன்னண்டு மணி நேரத்துக்குள்ள இறங்கிடும். உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களுக்கு தன்னோட வான்வெளிய மூடிடுச்சு, ஜப்பான் கம்பெனிகளும் அந்தப் பக்கம் போறத விட்டுட்டாங்க. கால்குலேட்டருக்கு இதெல்லாம் தெரியாது, அது நூலத்தான் அளக்குது.

இப்போ போற வழிதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். லண்டன்ல கிளம்பினா பெரும்பாலும் துருக்கி, காஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனான்னு தெற்கால சுத்திப் போறாங்க. திரும்பி வரும்போது பல ஃப்ளைட் அந்த வழிய விட்டுட்டு பசிபிக் மேல ஏறி, அலாஸ்கா, வட துருவப் பக்கம், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியா லண்டன் வருது. அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு, ரெண்டும் சேர்ந்தா பூமிய ஒரு சுத்து சுத்தின மாதிரி. காரணம் ஜெட் ஸ்ட்ரீம், ஃப்ளைட் பறக்கற உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்கா அடிக்கற காத்து, ஜப்பான் பக்கம் குளிர்காலத்துல அது மணிக்கு 200 கிமீக்கு மேலயே போகும், அதுக்கு எதிரா முட்டிக்கிட்டு போறத விட முதுகுல வாங்கிட்டு சுத்திப் போறது லாபம். காத்தப் பாத்து ரூட்ட தினமும் முடிவு பண்றதால அரை மணி முன்னபின்ன ஆகலாம்.

இன்னொன்னு, டிக்கெட்ல இருக்கற நேரம் கேட்ல கிளம்பி கேட்ல நிக்கற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறதும் அதுல சேர்த்திதான்.

லேண்டிங் டைம் கணக்குல நிறைய பேர் குழம்பறாங்க. குளிர்காலத்துல டோக்கியோ 9 மணி நேரம் முன்னாடி. லண்டன்ல காலைல 9:30க்கு ஏறி 14 மணி நேரம் பறந்தா லண்டன் கணக்குல ராத்திரி 11:30, அதோட 9 கூட்டுனா மறுநாள் காலை 8:30, அதனால ஹோட்டல் புக்கிங் மறுநாள் தேதிக்குப் போடுங்க. திரும்பும்போது டோக்கியோல காலை 9:30க்கு ஏறினா, பதினாலரை மணி நேரம்னு வச்சாலும், லண்டன்ல அதே நாள் மதியம் 3 மணி, தேதிக்கோட்ட தாண்டி வந்தாலும் இதுதான். மார்ச் கடைசி ஞாயிறுலேர்ந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் லண்டன்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, ஜப்பான்ல அந்த வழக்கம் கிடையாது, அப்போ 9க்கு பதிலா 8 போட்டு கணக்கு பண்ணுங்க.