நகையை அடகு வைக்கும் முன், பாடத்தின் பெயரைப் பாருங்கள்

கேள்வி: நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். அரசுப் பள்ளியிலேயே படித்து, வணிகவியல் பிரிவில் ப்ளஸ் டூ முடித்த என் மகள், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்க ஆசைப்படுகிறாள். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையம், ஓராண்டு நர்சிங் சான்றிதழுக்கு 90,000 ரூபாய் கேட்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இந்தப் பாடத்துக்காக நகையைத் தொடவே வேண்டாம். நர்ஸ் என்ற பெயரில் வேலை பார்க்க, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழைக் கொண்டு அங்கே பதிவு கிடைக்காது. அதை வைத்து உதவியாளராகச் சேரலாம். முதியவரைக் குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது போன்ற பணிகள் அவை. மதிப்புள்ள வேலைதான், ஆனால் அதற்கான பயிற்சி அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இலவசமாகவே கிடைக்கும்போது 90,000 ரூபாய் எதற்கு?

தங்கள் மகளுக்கு ஏற்றது ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்; ஜி.என்.எம்.முக்கோ, இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, அறிவியல் பிரிவினருக்கு முன்னுரிமை உண்டென்றாலும், 40 சதவீத மதிப்பெண்ணுடன் எந்தப் பிரிவில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். அரசு நர்சிங் பள்ளிகளின் ஜி.என்.எம். இடங்களுக்கு முதலில் முயலுங்கள். தனியார் நிறுவனம் என்றால், தமிழ்நாடு கவுன்சிலின் அங்கீகாரக் கடிதத்தை வாங்கி, அதில் பாடத்தின் பெயரும் நடப்பு ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பணத்துக்கு வருவோம். நகைக்கடனை ஆண்டுதோறும் மீட்கவோ வட்டி கட்டிப் புதுப்பிக்கவோ வேண்டும். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். வங்கிகளின் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டத் தொடங்கினால் போதும். ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டணம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் மாத வட்டி சுமார் 417 ரூபாய், இரண்டாமாண்டில் 833, மூன்றாமாண்டில் 1,250. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் கணக்குக்கு வரும். அதை அப்படியே வட்டிக்குச் செலுத்தினால், முதல் இரண்டாண்டு வட்டி முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டுவோருக்குச் சில வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை சலுகையும் தருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: தங்களுடைய பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மகள் பெயரில் விண்ணப்பிக்கும்போது, அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.