வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கும் வேலை

அம்மா, "பொம்பிளைப் பிள்ளை, வெள்ளத்துக்குள்ள இறங்குற வேலை எங்களுக்கு எதுக்கு?" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகளோ அனர்த்த நிவாரண வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். டித்வா புயலால் உயர்தரப் பரீட்சை இடையில் நின்றதையும், மூதூர், வெருகல் பக்கம் சனம் பட்ட பாட்டையும் கண்ட பிள்ளைக்கு அந்த எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். வெள்ளத்தில் ஆட்களை மீட்பது கடற்படை, இராணுவம், பொலிசாரின் வேலை. மகள் கேட்கிற வேலை பெரும்பாலும் தண்ணீர் வடிந்த பிறகுதான் சூடு பிடிக்கும். அதன் மையம் பிரதேச செயலகம். அங்கே அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தர் இருப்பார். மாவட்ட மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு இது.

வேலை எப்படி நடக்கும்? ஜி.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர், ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பதிவார். அந்தப் பட்டியல் பிரதேச செயலகத்துக்கு வரும். முகாமில் இருப்பவர்களுக்குச் சமைத்த உணவு, வீடு திரும்பியவர்களுக்கு உலருணவு, வீட்டுச் சேதம் முழுமையா பகுதியா என்ற மதிப்பீடு எல்லாம் அதை வைத்துத்தான் நகரும். தலையிடியும் அங்கேதான். ஒரே வீட்டில் அம்மாவும் கலியாணம் முடித்த மகனும் இருப்பார்கள். பட்டியலில் ஒரு குடும்பம்தான் இருக்கும். உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் வீடு இருக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. கொடுப்பனவு அந்த ஓர் எழுத்தில் தொங்கி நிற்கும். வயல் போனவரைக் கமநல சேவை நிலையத்துக்கும், வலையும் தோணியும் போனவரைக் கடற்றொழில் திணைக்களத்துக்கும் சரியாக வழிகாட்டத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்த மனுசன் பஸ் காசு செலவழித்து நாலு கந்தோர் அலைவார்.

ஆபத்து என்று சொன்னால் அது தண்ணீரில் இல்லை, மேசைக்கு முன்னால் வரும் கோபத்தில்தான். "அவனுக்குக் கிடைச்சது, எனக்கேன் இல்லை?" என்று சத்தம் போடுவார்கள். முகம் கடுக்காமல், விதியையும் வளைக்காமல் பதில் சொல்லவேண்டும். என் அனுபவத்தில் இந்த வேலைக்குப் பொருந்தாதவர்கள் பயந்தவர்கள் அல்ல, பொறுமை இல்லாதவர்கள்தான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மார்கழி மாரியில் லீவு கிடைக்காது. வீட்டில் விசேஷம் வைத்தால் அதைப் பார்த்து வையுங்கள்.

போகும் வழி ஒன்றல்ல. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் போட்டிப் பரீட்சை எழுதிக் கிராம உத்தியோகத்தராகலாம். பட்டம் முடித்தால் அபிவிருத்தி உத்தியோகத்தர் போன்ற பதவிகளுக்கு அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்கலாம். அறிவித்தல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கம் வரட்டும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தெரிந்தவர் வேலை எடுத்துத் தருவார் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மகளுக்குப் புவியியல் பாடம் இருப்பது நல்லது, ஆனால் அதைமட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நான் அழுத்திச் சொல்வது சிங்களத்தைத்தான். திருகோணமலையில் கிண்ணியா, மூதூரில் தமிழ் போதும். சிங்களச் சனம் கூடுதலாக இருக்கிற கந்தளாயிலோ கோமரங்கடவலவிலோ போட்டால்? வீடு இழந்தவர் தன் கதையை அவருடைய மொழியில்தான் சொல்வார். அரச சேவைக்குள் போனாலும் குறித்த காலத்துக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். அதனால் உயர்தரப் பெறுபேறு வரும் வரை சும்மா இருக்காமல் ஒரு சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் அதுவும் பிறகு உதவும். கணினியில் அட்டவணை போடத் தெரிந்தால் இன்னும் நல்லது. பட்டியல் பிழைகள் பாதி அங்கேதான் பிடிபடும்.

பெறுபேறு வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கம்பஸா போட்டிப் பரீட்சையா என்பதை அவளும் இருக்கும்போதே பேசுவோம்.