முதிரைக் கட்டிலைக் கப்பலில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊர் விசுவமடு. கணவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். எனக்கும் இரண்டு வயது மகளுக்கும் இப்போதுதான் விசா வந்தது, ஒக்ரோபரில் பயணம். இவ்வளவு நாளும் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தவர், இரண்டு அறையுள்ள அடுக்குமாடி வீடு ஒன்று எடுத்திருக்கிறார். உள்ளே ஒரு சாமானும் இல்லை. வீட்டுச் சாமானுக்கென்று கையில் இருப்பது 3,000 டொலர். என் சீதன முதிரைக் கட்டிலையும் அலுமாரியையும் கப்பலில் அனுப்புவோம் என்கிறா அம்மா. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணாவோ, “செற்றி, சாப்பாட்டு மேசை, கட்டில் எல்லாத்தையும் கடையிலை செற்றா எடுப்பம், ஒரு வருசத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை” என்கிறார். பாவித்த சாமான் வாங்கலாமே என்று நான் சொன்னால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொல்வதுதான் சரி. பாவித்த சாமானை வாங்குங்கள், கட்டில் விசுவமடுவிலேயே இருக்கட்டும், கடனுக்குச் செற் எடுக்கவே எடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

“இப்போது வாங்குங்கள், அடுத்த வருசம் கட்டுங்கள்” என்பது அங்குள்ள தளபாடக் கடைகளில் வழக்கமான விற்பனை முறை. தவணை முடியும் தேதிக்குள் முழுக்காசையும் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. கட்ட முடியாமல் மிச்சம் நின்றால், சாமானை வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடும் ஒப்பந்தங்கள் உண்டு. அந்த வட்டி ஆண்டுக்கு 30 வீதத்தை எட்டுவதும் உண்டு. விலைச்சீட்டில் இருப்பது வரி சேராத விலை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 13 வீத விற்பனை வரி. 4,000 டொலர் செற் என்று ஒட்டியிருந்தால், வாசலைத் தாண்டும்போது அது 4,520.

அந்த ஒரு வருசம் எப்படிப்பட்ட வருசம் என்று யோசியுங்கள். ஒன்ராறியோவில் வீடு எடுக்கும்போது முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் சேர்த்து வாங்குவது வழக்கம், ஆகவே உங்கள் கணவரின் சேமிப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். வந்து இறங்கிய கையோடு மூன்று பேருக்கும் குளிர் ஜாக்கெற், சப்பாத்து. மகள் சிறியவள் என்பதால் நீங்கள் உடனே வேலைக்குப் போவதும் நிச்சயமில்லை. ஒரு சம்பளத்தில் ஓடும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரத்துச் சொச்சத்தை ஒதுக்கி வைப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. வன்னியில் நுண்கடன் வந்த விதத்தை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கையெழுத்து வைக்கும்போது எல்லாம் இலகுவாகத்தான் இருந்தது. பிறகு வாராவாரம் வாசலில் ஆள் வந்து நின்றபோது, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். கனடாவில் வாசலுக்கு ஆள் வராது, கடிதம் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அண்ணா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது வீடு நிறைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் வெறும் வீட்டில் குடும்பத்தைத் தொடங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 2009க்குப் பிறகு முகாம்களில் இருந்து திரும்பிய எங்கள் சனம் தறப்பாளுக்குக் கீழேதானே தொடங்கியது! முதலில் கிணறு இறைத்தோம், அடுப்பு மூட்டினோம், படுக்க இடம் செய்தோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டம் கட்டமாக வந்த ஐந்தரை இலட்சத்தில் சுவர் எழும்பியபோது, பல வீடுகளில் உள்ளே இருந்தவை இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் மட்டும்தான். மற்றதெல்லாம் வருசக் கணக்கில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. எது முதலில் வேண்டும், எது பிறகு வந்தாலும் பரவாயில்லை என்பதை உங்கள் அம்மா எந்தக் கடைக்காரரையும் விட நன்றாக அறிவார்.

அம்மா அனுப்பச் சொல்லும் கட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதிரை, தலைமுறை தாண்டி நிற்கும் மரம். அதைப் பிரிவது கஷ்டம் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் கணக்கு ஒத்துவராது. கப்பலில் கன அளவைப் பார்த்துத்தான் காசு எடுப்பார்கள்; கட்டிலும் அலுமாரியும் பிடிக்கும் இடம் பெரியது. கொழும்பில் சொல்லும் தொகையோடு முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அந்தப் பக்கம் இறக்குகூலி, களஞ்சியக் கட்டணம், வீடு வரை கொண்டுவரும் லொறிக்கூலி என்று தனியாக வரும். அதைவிட, நாங்கள் கட்டிலை ஆறடி, ஆறேகால் அடி நீளத்தில் செய்விக்கிறோம். அங்கே தம்பதிகள் வழமையாக வாங்கும் குயீன் மெத்தை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம், அதாவது ஆறடி எட்டங்குலம். கட்டிலுக்குள் அது இறங்காது. பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றும்போது காற்று உலர்ந்துபோகும். எங்கள் ஈரக் காற்றில் பழகிய மரம் சுருங்கி, பொருத்துக்கள் விலகும், பலகை வெடிக்கவும் கூடும். கட்டில் அம்மாவிடமே இருக்கட்டும். நீங்கள் விடுமுறைக்கு வந்து படுக்க அது வேண்டும்.

பயணப்பெட்டியில் எதைக் கொண்டுபோவது? மின்சாமான் ஒன்றும் வேண்டாம். எங்களுடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். கிரைண்டரின் மோட்டர் ஒழுங்காகச் சுற்றாது. கேத்திலும் இஸ்திரிப்பெட்டியும் நாலில் ஒரு பங்கு சூடுதான் தரும். கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அவை மட்டும் போகலாம், செருகி மாற்றினால் போதும். கிரைண்டரை ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் அந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்றதாகவே வாங்கலாம்.

குசினிச் சாமானில் இடியப்ப உரல், இடியப்பத் தட்டுகள், புட்டுக்குழல், ஓலையால் பின்னிய நீத்துப்பெட்டி, மத்து, அகப்பை ஆகியவற்றைத் தாராளமாக வையுங்கள். நீத்துப்பெட்டிக்குப் பாரமே இல்லை, அதற்குள் வேறு சாமானையும் அடுக்கலாம். ஓலைச் சாமான் இருப்பதை விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். துருவலையின் அலகு கையில் கொண்டுபோகும் பையில் இருக்கக் கூடாது. மண் ஒட்டிய எதையும் கனடாவுக்குள் விடமாட்டார்கள், ஆகவே பழைய சாமானாக இருந்தால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து அடுக்குங்கள். அடி வளைந்த தாச்சியையும் மண்சட்டியையும் விட்டுவிடலாம். அங்குள்ள மின் அடுப்பு தட்டையானது, அடி தட்டையாக இருந்தால்தான் சூடு ஏறும்.

இனி 3,000 டொலர். அடுப்பும் பிரிட்ஜும் வாடகை வீட்டோடு வருவதுதான் அங்கே பொதுவான வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று கணவர் ஒப்பந்தத்தைப் பார்த்து உறுதி செய்யட்டும். அப்படியானால் பெரிய செலவு ஒன்று குறைகிறது. முதல் நாளே புதிதாக வாங்க வேண்டியது மெத்தை. சுருட்டிப் பெட்டியில் அடைத்து வரும் நல்ல ஃபோம் மெத்தை 300, 400 டொலருக்குள் கிடைக்கும். அடுத்தது விளக்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அங்குள்ள பல அடுக்குமாடி வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் கூரையில் விளக்கே இருக்காது. சுவரில் உள்ள சுவிச்சைப் போட்டால் ஒரு பிளக்குக்கு மின்சாரம் வரும், விளக்கை நீங்கள் வாங்கிச் செருக வேண்டும். ஒக்ரோபரில் இருட்டு வேளைக்கே வந்துவிடும், ஆகவே நிற்கும் விளக்கு இரண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மேசை, நாலு கதிரை. சாப்பிட, மரக்கறி வெட்ட, படிவம் நிரப்ப, பிள்ளை கிறுக்க எல்லாவற்றுக்கும் அந்த மேசைதான். செற்றி இரண்டு மூன்று மாதம் கழித்து வரட்டும். யன்னலால் குளிர் எங்கே வருகிறது, பிள்ளை எங்கே ஓடுகிறாள் என்று பார்த்தபின் வாங்கினால் அளவும் இடமும் சரியாக அமையும்.

பாவித்த சாமானை முகநூல் மார்க்கெற்பிளேஸ், கிஜிஜி இணையத்தளம் இரண்டிலும் தேடலாம். கடைகளாக வேண்டுமென்றால் வால்யூ வில்லேஜ், சால்வேஷன் ஆமி கடைகள், தளபாடத்துக்கு ஹபிற்றாற் ரீஸ்ரோர். தனியாரிடம் நேரடியாக வாங்கும்போது அந்த 13 வீத வரி இல்லை. வாடகை வீடுகள் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் மாறும். அந்தக் கடைசி வாரத்தில் விலை இறங்கும், சும்மாவே தருவோரும் உண்டு. சாமானைக் கண்ணால் பார்க்கும் முன் முற்பணம் என்று ஒரு சதமும் அனுப்ப வேண்டாம், எவ்வளவு நல்ல படம் போட்டிருந்தாலும்.

பாவித்த சாமான் என்றதும் அம்மா முகம் சுளிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டைப்பூச்சி ரொறன்ரோவில் உண்மையான பிரச்சினை. ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் அழிப்பதற்கு ஆகும் செலவு மெத்தை விலையைத் தாண்டும். அதனால் பாவித்த மெத்தையை யார் சும்மா தந்தாலும் எடுக்காதீர்கள். தெருவோரம் போட்டிருக்கும் செற்றியையும் தொடாதீர்கள். மரத்தாலும் இரும்பாலும் ஆனவற்றை நம்பி வாங்கலாம், பார்க்கும் முறையில்தான் எல்லாம். கதிரையைத் தலைகீழாகத் திருப்பிக் கைபேசி வெளிச்சத்தைப் பிடியுங்கள். ஆணித் துளை, மூலை, பலகையும் பலகையும் சேரும் இடுக்கு: இங்கேதான் மூட்டைப்பூச்சி குடியிருக்கும். பேனை மையால் குத்தியது போன்ற கறுப்புப் புள்ளிகள், பூச்சி கழற்றிய மெல்லிய தேயிலை நிறத் தோல்கள், வெள்ளை முட்டைகள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மேசையில் லாச்சி இருந்தால் அதை முழுதாக வெளியே இழுத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். துணிச் சாமான் வாங்கினால் வீட்டுக்குள் விரிக்கும் முன்பே உலர்த்தும் இயந்திரத்தில் உச்சச் சூட்டில் அரை மணி நேரம் போடுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

மகளுக்கான சாமானில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். கார் இருக்கை கனடாவின் பாதுகாப்பு முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், இங்கிருந்து கொண்டுபோவது அங்கே செல்லாது. முன்னர் விபத்தில் அடிபட்டதா என்று தெரியாத இருக்கையை யாரிடமும் வாங்காதீர்கள், புதிதாகவே எடுங்கள். ஒரு பக்கம் கீழே இறங்கும் தொட்டில் கட்டிலை விற்பது 2016 முடிவிலிருந்து தடை. பழையது ஒன்றை யாராவது அன்பாகத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஏற்க வேண்டாம். குழந்தை உள்ளே இருந்து உருட்டும் சில்லு வோக்கரைக் கனடாவுக்குள் கொண்டுவருவதே 2004 முதல் தடை, ஆகவே அவளுடைய பழைய வோக்கரை இங்கேயே யாருக்காவது கொடுங்கள். உயரமான லாச்சிப் பெட்டி வாங்கினால் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை லாச்சிகளைப் படியாக்கி ஏறும்.

பத்திரங்களில் ஒன்று முக்கியம். முதன்முறை குடியேறுவோர் தாங்கள் வைத்துப் பாவித்த வீட்டுச் சாமானைத் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். அதற்கு இரண்டு பட்டியல் வேண்டும்: கையோடு வருபவை, பின்னால் வர இருப்பவை. முதல் நாள் விமான நிலையத்திலேயே இரண்டையும் காட்ட வேண்டும், இரண்டாவது பட்டியலில் இல்லாததைப் பிறகு அந்தச் சலுகையில் எடுப்பது கஷ்டம். தாலி, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் படம் எடுத்து, விவரத்தோடும் பெறுமதியோடும் எழுதுங்கள். பிரிக்காமல் வைத்திருக்கும் கலியாணப் பரிசுகள் இருந்தால் இப்போதே பிரித்துப் பாவியுங்கள், ஏனென்றால் சலுகை பாவித்த சாமானுக்குத்தான்.

அண்ணாவோடு சண்டை வேண்டாம். அவருக்கு உதவ மனம் இருக்கிறது, உங்களுக்கு உதவி வேண்டியும் இருக்கிறது. வாகனத்தோடு ஒரு சனிக்கிழமை வந்து, பார்த்து வைத்த மேசையையும் கதிரைகளையும் ஏற்றி இறக்கித் தரும்படி கணவர் அவரிடம் கேட்கட்டும். பெரிய கட்டடங்களில் சாமான் ஏற்ற லிஃப்டை முன்கூட்டியே பதிய வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைகள் முதலில் போய்விடும். கட்டட அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு ஒரு நாளைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் கதவின் அகலத்தையும் வீட்டு வாசலின் அகலத்தையும் அன்றைக்கே நாடா பிடித்து அளந்து உங்களுக்கு அனுப்பட்டும்.