இளங்குதிரை கையில் பாரமாகத் தொங்கினால் கடிவாளத்தை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. நடுவயதில்தான் குதிரையேற்றம் கற்றேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் என்னும் பந்தய இனத்தைச் சேர்ந்த 5 வயதுக் குதிரையைப் பெங்களூருவில் வாங்கி, டிரெஸ்ஸாஜுக்கு (குதிரை சீரான, நுட்பமான அசைவுகளைச் செய்துகாட்டும் சவாரிக் கலைக்கு) பழக்கி வருகிறேன். இடப்பக்க வட்டத்தில் ஒழுங்காகச் செல்லும் குதிரை, வலப்பக்க வட்டத்தில் உள்ளே சாய்ந்து, வலது வாரில் (கடிவாளத்திலிருந்து என் கைக்கு வரும் பட்டையில்) பாரமாகத் தொங்கி, டிராட் என்னும் மிதவேக ஓட்டத்தில் விரைந்து ஓடுகிறது. கடுமையான கடிவாளம் போடச் சிலரும், தலையைக் கீழே இழுக்கும் துணை வார் பூட்டச் சிலரும் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். பாரம் உங்கள் கையில் தெரிந்தாலும் அதன் காரணம் குதிரையின் வாயில் இல்லை. தன் உடலோடு உங்களையும் சுமந்துகொண்டு வளைவில் நிலைகுலையாமல் செல்லும் வலிமை அதற்கு இன்னும் வரவில்லை. அதனால் உங்கள் கையைப் பற்றுக்கோடாகக் கொள்கிறது. கடுமையான கடிவாளம் போட்டால் வலிக்கு அஞ்சிக் கழுத்தை மடக்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆனால் முதுகு இறுகியே இருக்கும், பின்னங்கால்களும் உடலுக்கு அடியில் வந்து பாரம் தாங்கப் பழகாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் தங்கம் வென்ற இந்திய டிரெஸ்ஸாஜ் அணியின் குதிரைகளிடம் நாம் கண்ட கழுத்து வளைவு, பல ஆண்டுப் பயிற்சியில் பின்னங்கால்கள் பெற்ற வலிமையால் வந்தது. அதைக் கையால் இழுத்துப் பெற முடியாது.

பந்தயக் குதிரை எதைக் கற்று வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஜாக்கி வாரைச் சுருக்கிப் பிடித்தால் கடிவாளத்தின்மேல் சாய்ந்து வேகமெடுக்க வேண்டும் என்றே அது பழக்கப்பட்டிருக்கிறது. விரைகிறதே என்று நீங்கள் வாரை இறுக்கும்போது, ‘இன்னும் ஓடு’ என்று அதற்குத் தெரிந்த மொழியில் ஆணையிடுகிறீர்கள். அதை அடங்காத குதிரை என்று சொல்வது அநியாயம்.

பயிற்சியை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். குதிரையின் 24 பால் பற்களும் ஏறக்குறைய 5 வயதுக்குள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கின்றன. கூரான விளிம்போ, கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல்லோ, ஒரு பக்கத்தில் மட்டும் கடிவாளத்தோடு உரசக்கூடும். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகின் இருபுறமும் விரல்களால் மெல்ல அழுத்திச் செல்லுங்கள். ஓரிடத்தில் தசை துடித்தாலோ, முதுகைத் தாழ்த்தி விலகினாலோ, சேணத்தைச் சரிபார்க்கும் வரை ஏற வேண்டாம்.

உடல்நலத்தில் குறை இல்லையெனில், முதலில் தாளத்தைச் சீராக்குங்கள். ஜெர்மானியப் பயிற்சிமுறை தாளத்தையும் இளக்கத்தையும் முதலில் வைத்து, வாயோடு கொள்ளும் தொடர்பை அவற்றுக்குப் பின்னரே வைக்கிறது. நான் கண்டவரை, நடுவயதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கிவிடுகிறார்கள். வலப்பக்க டிராட்டில், குதிரையின் இடது முன்னங்கால் தரையில் ஊன்றும்போது அமர்ந்து, அது முன்னே செல்லும்போது எழுங்கள். குதிரை விரைந்தால் வாரைத் தொடாமல், நீங்கள் எழுந்தமரும் தாளத்தைச் சற்றுத் தாமதப்படுத்துங்கள். முதலில் கவனிக்காததுபோல் ஓடினாலும், சில சுற்றுகளில் உங்கள் இடுப்பின் தாளத்துக்கு அது இறங்கி வரும்.

வட்டம் 20 மீட்டருக்குக் குறைய வேண்டாம். உள்ளே சாயும்போது வலக்கையால் வெளியே தள்ளத் தோன்றும். அப்படிச் செய்தால் அது தொங்குவதற்கு நீங்களே பிடிமானம் கொடுத்ததாகிவிடும். வலது காலைச் சேணப்பட்டை அருகில் வைத்து, அதே பக்கத்துப் பின்னங்கால் தரையை விட்டு எழும் நொடியில் அழுத்துங்கள்; இடது வாரைச் சீராகப் பிடித்து, வெளிப்பக்கத் தோள் நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வலக்கையை ஒரு கைமுட்டி அளவு முன்னே கொடுத்து, மூன்று நான்கு எட்டுக்குப் பின் மெதுவாகத் திரும்ப வாருங்கள். சாய்வதற்கு எதுவும் இல்லாதபோதுதான் குதிரை தன் கால்களைத் தேடத் தொடங்கும். முதலில் தடுமாறலாம், அதற்காகக் கையை அவசரமாக இறுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு முறை நடைக்கு இறங்கி, நாலைந்து எட்டு நடந்து, மீண்டும் டிராட்டுக்குச் செல்வதும் பின்னங்கால்களுக்கு வலிமை தரும்.

உங்கள் உடலையும் பார்க்க வேண்டும். நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர்களில் பலர் ஒரு பக்க இடுப்பில் சரிந்தே குதிரைமேலும் உட்காருகிறார்கள். வாரம் ஒருமுறை, நன்கு பழகிய மூத்த குதிரை ஒன்றின்மேல், பயிற்றுநர் நீள்கயிற்றைப் பிடித்திருக்க, நீங்கள் அங்கவடியும் வாரும் இன்றி உட்காரப் பழகுங்கள். உங்கள் குதிரையின்மீதும் வாரத்துக்கொரு முறை அனுபவமுள்ளவர் ஏறட்டும். புதிதாகக் கற்பவரும் புதிதாகக் கற்கும் குதிரையும் தனியே விடப்படுவது இருவருக்குமே நல்லதன்று.

ஒரு சவாரி 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதில் முதல் பத்து நிமிடம் தளர்ந்த வாரில் நடைதான். 5 வயதில் முதுகெலும்பின் வளர்ச்சியே முழுமை பெற்றிருக்காது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் 8 வயதுக்குக் குறைந்த குதிரையை டிரெஸ்ஸாஜின் உச்சநிலையான கிராண்ட் ப்ரீ போட்டிக்கு அனுமதிப்பதில்லை. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

வலப்பக்க வட்டத்தில் உள்வாரை, அதாவது வலது வாரை, நான்கு எட்டுக்கு விட்டுக்கொடுத்தும் வேகமும் வட்டத்தின் அளவும் மாறாமலிருந்தால், டிராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் இதே பயிற்சியைத் தொடங்கலாம். அதுவரை டிராட்டிலேயே இருங்கள்.