நாளை நோன்பு, இன்று கூத்து: வாசகர் கேள்விகள்

கே: கார்னிவல் கிறிஸ்தவப் பண்டிகையா? தவக்காலம் என்றால் நோன்பு, ஒறுத்தல் என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தின வாரம் முகமூடியும் குடியுமாகக் கூத்தடிப்பது முரணாக இல்லையா?

ப: திருச்சபை நாள்காட்டியில் கார்னிவல் என்றொரு திருநாளே கிடையாது. அதற்கென்று பூசை இல்லை, நவநாள் இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் இல்லாவிட்டால் கார்னிவலும் இல்லை. என்னைக் கேட்டால், கோயிலில் பிறந்த பண்டிகை அல்ல இது, அடுப்படியில் பிறந்தது.

இரண்டு நாள் ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு), வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் (இறைச்சி இல்லாத சாப்பாடு) என்று இன்றைக்கு முடித்துக்கொள்கிறோம். இடைக்கால ஐரோப்பாவில் அப்படி இல்லை. தவக்காலம் முழுக்க இறைச்சி கூடாது. பல இடங்களில் பால், வெண்ணெய், முட்டையும் கூடாது. குளிர்பெட்டி இல்லாத காலம் வேறு. வீட்டில் கிடக்கிற பன்றிக் கொழுப்பையும் முட்டையையும் என்ன செய்வது? புதன் விடிவதற்குள் தின்று தீர்க்க வேண்டியதுதான். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'மார்தி கிரா', கொழுத்த செவ்வாய். இங்கிலாந்தில் அன்று பான்கேக். போலந்தில் அதுவரை பொறுப்பதில்லை. முந்தின வியாழனன்றே ஜாம் வைத்த 'போன்ச்கி'யைப் பொரித்துத் தள்ளிவிடுகிறார்கள். ரஷ்யர்களோ அந்த வாரத்துக்கே வெண்ணெயை வைத்து 'மாஸ்லெனிட்சா' என்று பெயரிட்டார்கள்.

வெண்ணெயை விட மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. காணிக்கை கட்டி விலக்கு வாங்கலாம். பிரான்சில் ருவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். அந்தக் காசில் எழும்பியது என்பார்கள்.

பெயருக்கு வருகிறேன். 'கார்னெம் லெவாரே' என்றால் லத்தீனில் இறைச்சியை அகற்றுவது. கார்னிவல் அதிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். 'கார்னே வாலே', அதாவது 'இறைச்சியே, போய் வா' என்று பிரிப்பது பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. எனக்கென்னவோ கதைதான் பிடித்திருக்கிறது.

கே: தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது?

ப: ஈஸ்டர் நிலவைப் பார்த்து வருகிறது, கார்னிவல் ஈஸ்டரைப் பார்த்து வருகிறது. திருச்சபைக் கணக்குப்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அங்கிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன். நாற்பது நாள் நோன்புக்கு ஏன் 46 என்று அடுத்த கடிதம் போடாதீர்கள்: நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்பில் சேராது. 2024-இல் அந்தப் புதன் பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில் வந்து விழுந்தது. 2025-இல் மார்ச் 5. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தார் மட்டும் தனி ரகம். புதன் கழிந்து, அடுத்த திங்கள் அதிகாலை 4 மணிக்கு ஊர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

கே: முகமூடி எதற்கு?

ப: முதலாளி யார், வேலைக்காரன் யார் என்று தெரியாமல் இருக்கத்தான். வெனிஸ் அதற்குப் பெயர்போனது. 1797-இல் நெப்போலியன் அந்தக் குடியரசைக் கவிழ்த்த பிறகு அங்கே கார்னிவல் மங்கியது; 1979-இல்தான் மறுபடி உயிர்பெற்றது. நீங்கள் படத்தில் பார்க்கிற பளபளப்பு பெரும்பாலும் அதற்கு அப்புறம் வந்தது.

கே: நீங்கள் சில வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்தவராமே, நேரில் பார்த்ததுண்டா?

ப: பார்த்தேன். ஒரு டை போயிற்று.

கொலோன் நகரில் அது என் முதல் குளிர்காலம். திருநீற்றுப் புதனுக்கு முந்தின வியாழன் அங்கே பெண்களின் நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டு டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து அறுபதை நெருங்கிய ஓர் அம்மாள் கத்தரிக்கோலோடு வந்தார். முடிச்சுக்குக் கீழே நாலு விரல்கடை விட்டு நறுக்கென்று ஒரு வெட்டு. கன்னத்தில் ஒரு முத்தம், அதுதான் நஷ்டஈடு. என் துண்டைக் குண்டூசியால் சுவரில் குத்தினார். ஏற்கெனவே ஏழெட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் சாயம்போன பழைய டைகள். விவரம் தெரிந்தவர்கள் அன்றைக்கென்றே ஒன்றை எடுத்து வைத்திருப்பார்களாம்.

திங்களன்று பெரிய ஊர்வலம். 1823-இலிருந்து இந்த முறையில் நடக்கிறது. வண்டிகளிலிருந்து மிட்டாய் பறக்கும். 'கமெல்லே! கமெல்லே!' என்று கத்தினால்தான் நம் பக்கம் வீசுவார்கள். பிள்ளைகள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மழைக்கு அல்ல. இளவரசன், குடியானவன், கன்னி என்று மூன்று பேர் கார்னிவலுக்குத் தலைமை. கன்னி வேஷம் கட்டுகிறவர் மரபுப்படி ஆண்.

கே: செவ்வாய் இரவு எப்படி முடிகிறது?

ப: அதே ஊரில் மதுக்கடை வாசலுக்கு மேலே ஒரு வைக்கோல் பொம்மையைத் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய சட்டை, கால்சட்டை, தொப்பி. பெயர் 'நுப்பெல்'. செவ்வாய் இரவு அதை இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பாதிரியார் அங்கி போட்ட ஒருவர், மூக்கில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, குற்றப்பத்திரிகை வாசித்தார். சம்பளத்தையெல்லாம் குடித்துத் தீர்த்தது யார்? 'நுப்பெல்!' அடுத்த வீட்டுக்காரியைக் கண்டு பல்லிளித்தது யார்? 'நுப்பெல்!' தீ வைத்தார்கள். சிலர் ஒப்பாரி வைத்தார்கள். எரிந்து முடிந்ததும் எல்லோரும் உள்ளே போய் இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் தெருக் கோயிலில் நெற்றிக்குச் சாம்பல். போன வருடத்துக் குருத்தோலையை எரித்து எடுத்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சாம்பலை வாங்கிக்கொண்டு திரும்பினார். மூக்கோரத்தில் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை.