ஜெபத்தில் குறுக்கிடும் கசப்பு

சகோதரி, முழங்கால் போட்டதுமே நாத்தனார் சொன்ன சுடுசொல் மனதில் ஓடுகிறது, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அதற்குப் பாய் விரித்து உட்கார வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் சொன்னதும் இதுதான். கோபம், சோர்வு, பெருமை என்று ஒவ்வொரு எண்ணத்துக்கும் பதிலாகச் சொல்ல வேத வசனங்களையே தொகுத்து வைத்தார். இயேசுவும் சோதனைக்காரனான சாத்தானுக்கு, வேதத்தில் உள்ள உபாகமப் புத்தகத்தின் வசனங்களால்தானே பதில் சொன்னார்!

உங்கள் விஷயத்துக்கு, ஒருவருக்கொருவர் தயவாய் இருந்து மன்னியுங்கள் என்று சொல்லும் எபேசியர் 4:32 பொருந்தும். அந்தப் பேச்சு மனதில் ஆரம்பித்ததுமே, 'அன்றைக்கு இப்படித் திருப்பிக் கேட்டிருக்கலாமே' என்று யோசிக்கப் போகாமல், வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் நாத்தனாருக்காகவே ஜெபியுங்கள், பெயர் சொல்லி. முதலில் வாய் வராது. வராவிட்டாலும் சொல்லுங்கள்.