காரில் பிளக் மாற்றுவது எப்போது? கேள்வியும் பதிலும்

செங்கலடியில் கராஜ் வைத்து இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. பெற்றோல் எஞ்சினுக்குள் பொறி போட்டு எரியவைக்கும் ஸ்பார்க் பிளக் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இன்று ஒரே இருப்பில் இருந்து பதில் எழுதுகிறேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான்.

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, எனது அல்டோ 800 இப்போது 42,000 கிலோமீற்றர். பிளக் ஒருதரமும் மாற்றவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றர், அதைவிட்டால் பெரிய ஓட்டம் இல்லை. நன்றாகத்தானே ஓடுகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள் டீச்சர். அல்டோவில் இருப்பது சாதாரண நிக்கல் பிளக். அது 20,000 தொடக்கம் 40,000 வரைக்குத்தான். உங்களைப்போல் கிட்டக்கிட்ட ஓடுகிறவர்களுக்கு இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். பிளக் நுனி 450, 500 பாகை வரை சூடேறினால்தான் அதில் படிந்த கரி தானாக எரிந்து போகும். கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குள் வருவதற்குள் உங்கள் எஞ்சினே ஒழுங்காகச் சூடேறியிருக்காது, பிறகு எங்கே கரி எரிவது?

நன்றாக ஓடுகிறது என்பதை நம்பாதீர்கள். பிளக் ஒரே நாளில் சாவதில்லை. நுனி தேயத் தேய இடைவெளி கூடும். அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் கூடுதல் வோல்ட் தள்ள வேண்டிவரும். தினமும் ஓட்டுகிறவருக்கு அந்த இழுவைக் குறைவு தெரியாது, வேறு யாராவது எடுத்து ஓட்டினால் சொல்வார்கள். பிளக்கை மாற்றாமல் விட்டு, கடைசியில் கொயிலுக்குக் காசு கட்டியவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

காத்தான்குடி: வாப்பா வாங்கின ஆக்குவா, யப்பானிலிருந்து வந்தது. மீற்றர் 98,000. இரிடியம் பிளக் ஒரு இலட்சம் ஓடும் என்கிறார்களே, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?

ஒரு இலட்சம் என்பது சரிதான் தம்பி. இரிடியம் உருக 2,400 பாகைக்கு மேல் வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். அதனால்தான் அரை மில்லிமீற்றர் தடிப்பில் மெல்லிய ஊசி மாதிரிச் செய்தாலும் அது தேயாமல் நிற்கிறது. ஆக்குவா ஹைபிரிட், அதில் இன்னொன்றும் இருக்கிறது: எஞ்சின் நின்று மின்மோட்டாரில் ஓடுகிற தூரமும் மீற்றரில் ஏறும். அதனால் பிளக் உழைத்தது மீற்றர் காட்டுவதைவிடக் குறைவு.

ஆனால் கப்பலில் வந்த வண்டியின் மீற்றரை நான் வேதவாக்காக எடுப்பதில்லை. ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஊசி நுனி கூர்விளிம்போடு இருந்தால் ஓடலாம், மொட்டையாகி உருண்டிருந்தால் நாலையும் மாற்றுங்கள்.

களுவாஞ்சிகுடி: டீசல் வானுக்கு எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை பிளக் மாற்ற வேண்டும்?

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுத்துகிறதென்றால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாழைச்சேனை: ஹொண்டா ஃபிட் ஜிபி1 வைத்திருக்கிறேன். நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக் பில் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அந்த எஞ்சினுக்கு எட்டுத்தான். சிலிண்டருக்கு இரண்டு, முன்வரிசை ஒன்று, பின்வரிசை ஒன்று. பின்வரிசைக்குக் கை போவது கஷ்டம். ஒருவர் எட்டுக்கும் காசு கட்டிவிட்டு வந்த வண்டியை நான் கழற்றிப் பார்த்தால், முன்னால் நாலு பளபள, பின்னால் நாலு பழையது! பழைய பிளக் எட்டையும் கையில் வாங்கிக்கொண்டு பிறகு காசைக் கொடுங்கள்.

அக்கரைப்பற்று: பிளக் கழற்றியபோது வெளிப்பக்க வெள்ளைப் பீங்கானின் அடியில், இரும்போடு சேரும் இடத்தில், மஞ்சள் கலந்த மண்ணிறத்தில் வளையம். கொம்ப்ரஷன் லீக், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்று வெளியே கசிகிறது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

கழற்ற விடாதீர்கள். அந்த ஒரு வளையத்தை வைத்து ஹெட் கழற்றச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உயர் வோல்ட் ஓடும்போது பீங்கானைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் ஒயில் துணிக்கைகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன, அந்தக் கறைதான் அது. பிளக்குக்கும் குறையில்லை, எஞ்சினுக்கும் குறையில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது மற்றப் பக்கம், நெருப்புக்குள் இருந்த நுனி. பால் தேநீர் நிறம் அல்லது வெளிர் சாம்பல் என்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் அளவுக்கு அதிகமாகப் போகிறது, இல்லாவிட்டால் டீச்சர் சொன்ன மாதிரிக் கிட்டக்கிட்ட ஓட்டம். எண்ணெய்ப் பிசுக்காக நனைந்திருந்தால் எண்ணெயைத் தடுக்கும் வால்வ் சீலோ பிஸ்டன் ரிங்கோ கசிய விடுகிறது, புதுப் பிளக் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிக சூடு, அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஏறாவூர்: மாரி மழைக்குள் ஓடியபின் எஞ்சின் லைட் மினுங்குகிறது, வண்டி உதறுகிறது. பிளக்கா?

மழைக்குப் பிறகு என்றால் முதலில் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் பிரஷர் பைப்பால் கழுவியவர்களுக்கும் இதே வருத்தம்தான் வரும். கொயிலைத் தூக்கி, குழிக்குக் காற்றடித்துக் காயவிட்டால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டர், பி0302 இரண்டாவது. அந்தச் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் கொயில்தான். அதே இடத்தில் நின்றால் பிளக் பக்கம் திரும்புங்கள்.

லைட் மினுங்கும்போது மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலை தெரியும்தானே!

அம்பாறை: இலக்கம் கூடின பிளக் போட்டால் பிக்கப் கூடுமாமே?

பிக்கப் கூடுவதில்லை. அந்த இலக்கம் சூட்டைக் கடத்தும் அளவு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் இலக்கம் கூடினால் பிளக் குளிர்ச்சி, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும், போஷில் தலைகீழ். கைப்புத்தகத்தில் உள்ளதையே போடுங்கள்.

கல்முனை: பிளக் ஸ்பனர் வாங்கிவிட்டேன் மாமா, நானே மாற்றலாமா?

தாராளமாக, மருமகன். எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் புரி கையோடு வந்துவிடும். பழகுகிற காலத்தில் நானே ஒன்றை அப்படிக் கெடுத்து, பாஸிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. கழற்ற முன் குழிக்குள் இருக்கும் மணலை ஊதி எடுங்கள். நம் கடற்கரை மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. புதுப் பிளக்கைக் கையால்தான் சுற்றி ஏற்ற வேண்டும், ஸ்பனர் கடைசியில்தான். வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கை இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று போதும். இரிடியம் என்றால் இடைவெளியை நோண்டாதீர்கள், ஊசி முறிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே வேண்டாம், பீங்கான் உள்ளே வெடித்திருந்தால் வெளியே தெரியாது.